காலர் பட்டிக்குள் மூன்று புள்ளி

அந்தத் தெருவில் அவளுக்கு வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. பெரியவர்களுக்கும் பொடிசுகளுக்கும் அவள் லாண்டரியக்காதான். ஒருநாள் தேடி வந்தவர்களிடம் அவள் புருஷனே, "இருங்க, லாண்டரியக்காவக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதைச் சொல்லித் தெரு வெகுநாள் சிரித்தது.

முன்னால் கடை, பின்கட்டில் வீடு, மாடியில் ஒற்றை அறை. கடையில் தேய்க்கிற மேஜையும், அதன்மேல் சூட்டில் பழுப்பேறிய விரிப்பும். பின்பக்கம் துணி அலசும் சிமென்ட் தொட்டிகள். புருஷன் பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டு தேய்ந்து வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு, மடித்த துணிகளைத் தாளில் சுற்றி நூல் கட்டுவது அவர் வேலை. ஒரே மகள். தையல் மிஷினில் பொத்தான், கிழிசல், ஓரம் எல்லாம் அவள் பொறுப்பு.

சண்டைக் காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த நூல் மில்லை ராணுவம் எடுத்துக்கொண்டு சிறைமுகாம் ஆக்கியது. உள்ளே கொண்டுபோனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அங்கிருந்த அதிகாரிகளின் துணி, மூட்டை மூட்டையாக ஜீப்பில் லாண்டரியக்காவின் கடைக்கு வரும். முடியாது என்று சொல்லக்கூடிய காலம் அல்ல அது. அவள் சொல்லிப் பார்க்கவும் இல்லை. சில சட்டைகளின் கைமுனையில் சலவைச் சோடாவுக்கும் போகாத பழுப்புக் கறை இருக்கும். அவள் அதைத் துரு என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாள்.

துணி மாறிப்போகாமல் இருக்கக் காலர் பட்டியின் உட்புறத்தில் அழியாத மையால் குறி போடுவது சலவைக் கடை வழக்கம். ஒருவருக்குக் குறுக்குக் கோடு, இன்னொருவருக்கு வட்டம். முகாமின் தலைமை அதிகாரிக்கு அவள் போட்டது மூன்று புள்ளியும் அதன்மேல் ஒரு வளைகோடும். அவனை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அவன் கழுத்தளவு மட்டும் தெரியும்.

சண்டை முடிந்தது. ஆட்சி மாறியது. மில்லின் கதவு திறந்தபோது உள்ளே ஆளில்லை. செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவும் யாருமில்லை. தலைமை அதிகாரி தாடி வளர்த்து எல்லை தாண்டிவிட்டான் என்றார்கள், செத்துவிட்டான் என்றும் சொன்னார்கள்.

சில வருடம் கழித்து ஒருவர் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தார். அமைதியான மனிதர். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து அவர் கணக்கு சார். மகள் கணக்கில் தடுமாறுகிறவள். அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில் தேறிவிட்டாள். சாயங்காலம் புருஷனோடு சீட்டாடுவார். ஜெயிக்கிற ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுப்பார்.

"இந்த மனுஷன் வந்த பிறகுதான் எனக்கு முதுகு வலியே மறக்குது" என்பார் புருஷன்.

ஒருநாள் கணக்கு சார் கொடுத்த துணியில் ஒரு பழைய வெள்ளைச் சட்டை இருந்தது. அவள் அதை நனைப்பதற்காகக் காலரைப் புரட்டினாள். மூன்று புள்ளி. மேலே வளைகோடு. வெளிறிப்போயிருந்தது, ஆனால் அவள் கைக்கோணல் அப்படியே இருந்தது. புள்ளி வைக்கும்போது மூன்றாவதைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவது அவள் வழக்கம்.

தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாடியில் அவர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் குரல் கேட்டது.

யாரிடம் சொல்வது என்று யோசித்தாள். போலீஸில் சொன்னால் முதலில் அவளைத்தான் கேட்பார்கள்: இந்தக் குறி உனக்கு எப்படித் தெரியும்? முகாமுக்குத் துணி வெளுத்தாயா? எத்தனை நாள்? அக்கம்பக்கத்தில் மகன்களைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இதையெல்லாம் யோசித்து, சட்டையை அலசி, கஞ்சி போட்டு, காயவைத்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பட்டிமேல ஒரு துண்டுத்துணி வெச்சுத் தைச்சுடு. நைஞ்சு போயிருக்கு."

மகள் புரட்டிப் பார்த்தாள். "நையவே இல்லையேம்மா. இது யாரோட குறி?"

"பழைய குறி. சொன்னதச் செய்."

மகள் தைத்துக்கொடுத்தாள். அடுத்த நாள் கணக்கு சார் சட்டையை வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் பட்டியைத் தடவிப் பார்த்தார்.

"தைச்சிருக்கீங்க போல."

"ஆமா சார். கிழிஞ்சிருந்துச்சு."

அவர் அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். "ரொம்ப உபகாரம் அக்கா" என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. அவர் புரிந்துகொண்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. அதன்பிறகு அவர் இன்னும் பணிவாக நடந்துகொண்டார். அவள் புருஷனைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் அவர்தான். மழைக்காலமும் வெயில்காலமும் மாறி மாறி வந்தன. மகள் பள்ளி முடித்து நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். லாண்டரியக்கா அந்த மூன்று புள்ளியை நினைக்காத நாட்கள்கூட இருந்தன.

அப்படி இருக்கும்போது முனைக்கடையில் மெஷின் லாண்டரி ஒன்று வந்தது. காலையில் போட்டால் மாலையில் பளபளவென்று கவரில் கையில் வந்துவிடும். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். அவள் கடை வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள். சாப்பாட்டுக்குக் கஷ்டம் வந்துவிடவில்லை. ஆனால் அவளுக்கு அந்த மெஷின் மேல் கண் விழுந்துவிட்டது. சோடாவில் ஊறி ஊறி அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. முனைக்கடைக்காரி வளையல் போட்ட கையோடு பட்டனைத் தட்டிவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். சண்டைக் காலக் குற்றவாளிகளைப் பற்றித் துப்புக் கொடுப்போருக்குப் பரிசு. வரிசையாக முகங்கள். முதல் முகம், தாடியில்லாத, இளவயசுத் தலைமை அதிகாரி. கணக்கு சாரைத் தெரிந்தவர்கள் யாராலும் அந்தப் படத்தில் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு மாறியிருந்தார். கீழே பரிசுத் தொகை பெரிய எழுத்தில் இருந்தது.

புருஷன் வாய்விட்டுப் படித்தார். "அடேயப்பா! இதுக்கு ஒரு தெருவையே வாங்கிடலாம் போலிருக்கே."

அவள், மெஷின் விற்கிற ஆள் எப்போதோ கடையில் கொடுத்துவிட்டுப் போன படத்தாளை அன்று எடுத்துப் பார்த்தாள்.

பிறகு ஒரு காலை. கணக்கு சார் சலவைக்குப் போட்டிருந்த அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, மகள் தைத்த துண்டைப் பிளேடால் பிரித்தாள். சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு, போஸ்டரில் போட்டிருந்த விசாரணை ஆபீசுக்குப் போனாள். துப்புக் கொடுக்க வருகிறவர்களுக்குப் பக்கவாசல் வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெஞ்சு. ஏற்கெனவே ஒருவன் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காசுக்காக ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஜென்மம் என்று அவள் மனசுக்குள் காறித் துப்பினாள். பிறகுதான் கவனித்தாள், கூரைக்குள் வந்தும் தானும் குடையை மடக்கவில்லை. முகம் மறைய அதைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள்.

அதிகாரி இளவயசுக்காரர். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் குறி நீங்க போட்டதா?"

"ஆமாங்க. சண்டைக் காலத்துல முகாம் துணி எங்கிட்டதான் வரும். மாட்டேன்னு சொல்ல முடியாதுங்க அப்ப."

"அதையெல்லாம் யாரும் கேக்கல. இவர்தான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வி அவ்வளவு சீக்கிரம் வருமென்று அவள் நினைக்கவில்லை.

"போஸ்டர் பாத்தப்பதாங்க. அப்புறம் துணி வந்துச்சு, குறியப் பாத்தேன்."

பட்டியைச் சுற்றிப் புதிதாகப் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அதிகாரி அதன்மேல் விரலை வைத்தார். எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

மறுநாளே வந்துவிட்டார்கள். கணக்கு சார் பால் வாங்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். அவர் திமிறவில்லை, பால் பாத்திரத்தைச் சிந்தாமல் படியில் வைத்தார். கடை வாசலில் நின்ற அவளைப் பார்த்து, "அக்கா, என்னோட துணி கொஞ்சம் உங்ககிட்ட கெடக்கு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

யார் சொன்னது என்பது வெளியே போகாது என்றார்கள். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. தலைகீழாக நடந்தது. நழுவிப் போன வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். "நம்ம லாண்டரியக்கா புலி!" என்றார்கள். முகாமுக்குத் துணி வெளுத்ததைக்கூட யாரும் குத்திக்காட்டவில்லை. அதுதானே உதவியது என்றார்கள். புருஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சீட்டாடிய நாட்களில் தனக்கே சந்தேகம் இருந்ததாகக் கதை விட்டார். மகள் விடுதியிலிருந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பரிசும் வந்தது. பெரிய மெஷினும், காயவைக்கிற மெஷினும் வாங்கி வைத்தாள். விரல் வெடிப்பு மெல்ல ஆறியது.

மகள் வீட்டில் இருந்த ஒரு விடுமுறை நாளில் டெலிபோன் அம்மா வந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அடுத்த தெரு. அவருடைய மகனை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவன் வரவில்லை. வந்தவர் கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"எங்கிட்ட குடுக்க வேற ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிப் பையை மேஜைமேல் வைத்தார். லாண்டரியக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் உடம்பு கூசியது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"போஸ்டர் பாத்த அன்னைக்குதாம்மா" என்றாள். இந்தத் தடவை சரளமாக வந்தது.

டெலிபோன் அம்மா தலையாட்டினார். "என் வீட்டுக்காரர் போன மழைக்குப் போய்ச் சேந்துட்டார். கடைசி வரைக்கும் அதே பேச்சுதான். பையன் உயிரோட இருக்கான்னு அவர் நம்பல. எங்க பொதைச்சாங்கன்னு தெரிஞ்சா போதும்னார். தினம் காலைல அந்த மில்லுக்குப் பின்னாடி போய்த் தரையப் பாத்துட்டு வருவார். எங்கயாவது மண்ணு அமுங்கியிருக்கான்னு. கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அவரும் பாத்துட்டுப் போயிருப்பார். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களச் சொல்லல."

அவர் போன பிறகும் தையல் மிஷின் பக்கத்தில் நின்ற மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மூணு புள்ளி, ஒரு வளைவு. அதுதானே அந்தக் குறி? பேப்பர்ல போட்டிருந்தாங்க."

அவள் ஆரஞ்சுப் பையை எடுத்து உள்ளே வைக்கப் போனாள்.

"அந்தப் பட்டிய நான்தானேம்மா தைச்சேன். பள்ளிக்கூடம் படிக்கறப்ப."

"மெதுவாப் பேசு. அப்பா தூங்கறார்."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள்.

"பயந்துட்டியா? பயந்தேன்னு சொல்லு, நான் ஒத்துக்கறேன்." மகள் கிட்டே வந்தாள். "அப்புறம் போஸ்டர் வந்ததும் பயம் எங்கம்மா போச்சு?"

அன்று மாலையே மகள் விடுதிக்குக் கிளம்பினாள். அப்பாவிடம் பரீட்சை என்று சொன்னாள். விஷயம் தெரிந்தபோது புருஷன், "நல்லதுதானே பண்ணினே, எப்பப் பண்ணினா என்ன? ஆள் மாட்டினானா இல்லையா?" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்தக் கணக்கு அவளுக்குச் சரியாக வரவில்லை. மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், மில்லுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிற ஒரு கிழவர் கண்முன் வந்தார். அவர் தினம் பொழுது விடிந்ததும் நடந்த காலமெல்லாம் மாடியில் விடை இருந்தது. அவள் அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள்.

வழக்கு தொடங்கச் சில நாள் இருக்கும்போது அவள் டெலிபோன் அம்மா வீட்டுக்குப் போனாள். அவர் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க" என்று முகம் மலர எழுந்தார். உட்கார்ந்தால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று லாண்டரியக்கா நின்றபடியே சொன்னாள். குறியைப் பார்த்தது, மகளை விட்டுத் தைத்தது, போஸ்டர் வரும்வரை வாய் திறக்காதது, மெஷின் ஆசை, எல்லாம். நடுவில் எங்கேயும் அழவில்லை. அழுதால் அவர் சமாதானப்படுத்தப் பார்ப்பார், அது இன்னும் கேவலம் என்று தோன்றியது.

டெலிபோன் அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுல தவிர வேற யார்கிட்டயும் இல்லம்மா. கோர்ட்டுல சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சொல்லக்கூடாது."

லாண்டரியக்கா விழித்தாள்.

"அவன், நான் அவனே இல்லங்கறான். அந்தக் குறியும் உங்க சாட்சியும்தான் கெட்டியா இருக்குன்னு வக்கீல் சொல்றார். நீங்க இப்படி மாத்திப் பேசினா, இந்தப் பொம்பள காசுக்காக எது வேணும்னாலும் சொல்லுவான்னு ஒதறித் தள்ளிடுவாங்க. அவன் வெளிய போயிடுவான். அவன் போயிட்டா என் புள்ள எங்க கெடக்கான்னு எனக்கு யார் சொல்லுவா?"

"ஆனா, மனசு..."

"உங்க மனசுக்கு நான் என்ன பண்ண?" அவர் குரல் உயரவில்லை. "நீங்க கோர்ட்டுல சொன்னா உங்க பாரம் எறங்கும். எனக்கு? போஸ்டர் அன்னைக்குதான் தெரியும்னு சொன்னீங்க இல்ல, அதையே சொல்லுங்க. நல்லா, தெளிவா சொல்லுங்க." வாசல்வரை வந்தார். "இனிமே வீட்டுக்கு வராதீங்கம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுடைய சாட்சியம் ஒரு காலைக்குள் முடிந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "இங்க பாருங்க, ஊசித் துளை. இந்தப் பட்டிமேல எதையோ தைச்சுப் பிரிச்சிருக்காங்க. குறிய நீங்களே புதுசா போட்டுட்டு ஜோடிக்கிறீங்களா?"

"பழைய சட்டைங்க. நைஞ்சா மேல துணி வெச்சுத் தைப்போம். மை பழசா புதுசான்னு யார வேணா வெச்சுப் பாத்துக்கலாம்."

"எப்ப அடையாளம் தெரிஞ்சுது?"

முதல் வரிசையில் டெலிபோன் அம்மா உட்கார்ந்திருந்தார். கூண்டில் கணக்கு சார். அவளைத் தவிர உண்மை என்ன என்று தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் அந்த இரண்டு பேர்தான். கணக்கு சார் வாயைத் திறந்து, "இவங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது தன் சட்டை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போஸ்டர் பாத்த பிறகுதான்" என்றாள் லாண்டரியக்கா. நல்லா, தெளிவா.

ஆயுள் தண்டனை கிடைத்தது. சில மாதம் கழித்து, புதைத்த இடத்தைச் சொன்னால் தனிக்கொட்டடியிலிருந்து மாற்றுவதாகச் சொன்னபோது அவன் வாய் திறந்தான். மில்லுக்குப் பின்னால் இல்லை. மில்லுக்குள்ளேயே, பஞ்சு கொட்டி வைக்கும் கிடங்கின் தரைக்குக் கீழே. மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். கிழவர் ஆயுசுக்கும் வெளியே நடந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

எடுத்த எலும்புகளுக்கு ஆள் அடையாளம் பார்த்து ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். டெலிபோன் அம்மாவின் மகனை அடக்கம் செய்த அன்று தெருவே போனது. அன்று கடை திறக்கவில்லை. போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் போனாள். இடுகாட்டுக் கூடத்துக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற இடத்தில் ஓரமாக நின்றுகொண்டாள்.

யாரோ பார்த்துவிட்டார்கள். "லாண்டரியக்கா வெளிய நிக்கறாங்க பாருங்க! அவங்க இல்லன்னா இன்னைக்கு இது உண்டா?" எல்லோரும் திரும்பினார்கள். டெலிபோன் அம்மாவும் திரும்பினார். கூட்டம் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தது. அவர் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உள்ள வாங்க."

முதல் வரிசையில், தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிடித்த கையை எடுத்துவிட்டார். முன்னால் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னார்: "எந்திரிச்சுப் போயிடாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தொட்டுவிட்டு, தாயிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்து அவளிடம் வந்தார்கள். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார்கள். "உங்க மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றார் ஒருவர். ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்து, "இவங்கதான் அந்த அக்கா, கும்பிட்டுக்கோ" என்றாள் ஒரு தாய். லாண்டரியக்கா எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். பக்கத்து நாற்காலியிலிருந்தவர் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

பெட்டியை வெளியே எடுத்துப்போய், குழியில் இறக்கி மண் தள்ளி முடித்துக் கூட்டம் கலைந்த பிறகுதான் அவள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள், ஆஸ்பத்திரி உடுப்போடு, வேலைக்கு நடுவே வந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நடக்க முடியுமா?" என்றாள்.

"முடியும்."

இருவரும் வீடுவரை நடந்தார்கள். மரத்த காலுக்கு ஏற்ப மகள் மெல்ல நடந்தாள்.